சூரியனைக் கலக்கும் கரண்டி

கெடாவின் கரங்கானில் ஒட்டுக்கடைக்குப் போய் ஒரு தே கேட்டால் கண்ணாடிக் குவளையில் வரும். அடியில் ஒரு விரல் கனத்துக்கு டின் பால், மேலே சுடச்சுடச் சாயம், உள்ளே சாய்ந்து நிற்கும் கரண்டி. உடனே கலக்கிவிடாமல் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். மேலே செம்பழுப்பு, கீழே வெள்ளை, நடுவில் கோடு கிழித்தது போல ஓர் எல்லை. அசைவே இல்லாத தண்ணீரில் சர்க்கரை தானாகப் பரவி ஒரு குவளை முழுவதும் சமமாக மாதக்கணக்கில் ஆகும். கரண்டியால் பத்துச் சுற்று சுற்றினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

போன வாரம் அந்தக் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மாமா ஒரு கேள்வி கேட்டார். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், இப்போது வீட்டோடு இருக்கிறார். நிறையப் படிப்பார். "ஏன் தம்பி, சூரியன் பெரிய காந்தம்னு போட்டிருக்கான். உள்ள எல்லாம் கொதிச்சுக் கலங்கிக் கெடக்குதுன்னும் போட்டிருக்கான். கலக்கினா கரைஞ்சுதானே போவும்? காந்தம் எப்படி நிக்கும்?"

இதைவிடச் சரியான கேள்வியை இந்த விஷயத்தில் கேட்க முடியாது. வானியல் படித்தவர்களே பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வி. அன்றைக்கு அவரிடம் சொன்னதை இங்கே இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன். சேர்ந்தே நடப்போம்.

முதலில், சூரியன் எந்த வகைக் காந்தம் என்று பார்ப்போம். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் வகை இல்லை. இரும்பைக்கூட 770 டிகிரிக்கு மேல் சுட்டால் காந்தத்தன்மை போய்விடும். சூரியனின் மேற்பரப்பே ஏறக்குறைய 5,500 டிகிரி. அங்கே இருப்பது மின்சாரம் ஓடுவதால் உண்டாகும் காந்தம். பழைய சைக்கிளில் சக்கரத்தோடு உரசிச் சுற்றும் டைனமோ நினைவிருக்கிறதா? அசைவு மின்சாரமாக மாறி விளக்கு எரியும். சூரியனில் அசைவது பிளாஸ்மா. அது, சூட்டில் அணுக்கள் பிய்ந்து மின்னூட்டம் பெற்ற வாயு. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் அந்த வாயு, ஏற்கெனவே இருக்கும் காந்தப்புலத்தின் ஊடே நகரும்போது மின்னோட்டம் பிறக்கிறது, மின்னோட்டத்தால் காந்தப்புலம் பிறக்கிறது. அதனால் இதற்கும் டைனமோ என்றே பெயர்.

அடுத்த படிக்கு நமக்குத் தெரிந்த பொருள் ஒன்று உதவும். மங்கிலிருந்து ஒட்டுப்பாலைப் பிய்த்து எடுத்திருப்பீர்கள். அது இழுத்த பக்கமெல்லாம் இழையாக நீளும், விட்டால் சுருங்கும். காந்தப்புலக் கோடுகளை அப்படி ஒரு ரப்பர் இழையாக நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக மின்சாரம் கடத்தும் பிளாஸ்மாவில் அந்த இழைகள் ஒட்டிக்கொண்டு, அது போகும் இடமெல்லாம் போகும். ஸ்வீடன் நாட்டு ஹன்னஸ் ஆல்வென் 1940களில் கண்டு சொன்னது இது. 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சூரியன் கெட்டியான உருண்டையாக இருந்தால் இழைகளும் அதோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் நடுக்கோட்டுப் பகுதி ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 25 நாள் எடுக்கிறது, துருவத்தை ஒட்டிய பகுதிக்கு 35 நாள் ஆகிறது. மூன்று மாதத்துக்குள் நடுப்பகுதி ஒரு முழுச் சுற்று முந்திவிடும். வடக்கிலிருந்து தெற்காக நின்ற ரப்பர் இழையை நடுவில் பிடித்து யாரோ ஓடுகிற மாதிரி. இழை நீளும், சூரியனைச் சுற்றிச் சுற்றிச் சுருளும். இழுக்கச் செலவான சக்தி இழையில் சேர்கிறது, காந்தம் வலுக்கிறது. அப்படி வலுத்த கட்டுகள் மிதந்து மேலே வந்து மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு எழும்பும் இடங்கள்தான் கரும்புள்ளிகள். அவை காந்தம் செறிந்த இடங்கள் என்பதை 1908இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் காட்டினார்.

இது வரை மாமாவுக்குச் சிக்கல் இல்லை. "சரி, கலக்கறதுக்கு வா" என்றார்.

சூரியனின் மேல்பகுதியில் ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஆழத்துக்கு எல்லாம் கொதிக்கிறது. சூடானது ஏறுகிறது, ஆறியது இறங்குகிறது. மேற்பரப்பில் தெரியும் கொதிக்குமிழ் ஒவ்வொன்றும் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலம். அதில் பிளாஸ்மா நொடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இந்தக் கொந்தளிப்பு காந்தப்புலத்தையும் அள்ளிப் பரப்புகிறது. இதைத்தான் கொந்தளிப்புப் பரவல் என்கிறோம். எவ்வளவு வேகமாகப் பரப்பும் என்று கணக்குப் போட எளிய வழி உண்டு. குமிழின் அகலத்தை வேகத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் போதும். நொடிக்கு முந்நூறு சதுர கிலோமீட்டர் சொச்சம் வரும். ஆழத்துக்குப் போகப் போக இது எப்படி மாறுகிறது என்பதில் சண்டை உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கொந்தளிப்பே இல்லாமல், பிளாஸ்மாவின் மின்தடை மட்டும் மெல்ல மெல்லக் காந்தத்தைத் தேய்ப்பதாக இருந்தால், அந்த 2 லட்சம் கிலோமீட்டரைத் தேய்த்து முடிக்க 100 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். கொந்தளிப்பைச் சேர்த்து, நொடிக்கு 100 சதுர கிலோமீட்டர் என்று குறைவாகவே வைத்தாலும், பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டில் வேலை முடிந்துவிடும். 100 கோடிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கரண்டி! கரும்புள்ளிகள் கூடிக் குறைவது ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை. இந்தக் கணக்கை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்த இரவில், விடை அந்தப் பதினொன்றின் பக்கத்தில் வந்து விழுந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப நான் சொன்னதுதானே? கரைஞ்சு போவுது" என்றார் மாமா.

இங்கேதான் நாம் எல்லோரும் தடுக்கி விழுகிறோம், நானும் விழுந்தேன். கலக்குவதும் அழிப்பதும் ஒன்று என்று நமக்கு ஓர் எண்ணம். குவளையைத் திரும்பப் பாருங்கள். கரண்டியை ஒரே ஒரு முறை மெல்லச் சுற்றினால் பால் கரைவதில்லை. வெள்ளை வெள்ளையாக நூல் எழும்பும். இன்னொரு சுற்றில் அந்த நூல் மெலியும், மடியும், இன்னும் மெலியும். கரண்டி செய்வது அவ்வளவுதான். நூல் மயிரிழையான பிறகு, பக்கத்துச் சாயத்தோடு ஒன்றாவது பாலின் சொந்த வேலை. கடக்க வேண்டிய தூரம் குறைந்துவிட்டதால் அந்த வேலை நொடியில் முடிகிறது. சூரியனிலும் அப்படியே. கொந்தளிப்பு காந்த இழைகளை நீட்டி மடிக்கிறது, வடக்கு நோக்கிப் போகும் இழையைத் தெற்கு நோக்கிப் போகும் இழையின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவ்வளவு நெருக்கத்தில் வந்தபின் மின்தடை அவற்றை ஒன்றோடு ஒன்று கழித்துவிடுகிறது. ஆகவே கொந்தளிப்பின் உண்மையான தொழில், எதை எதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது என்பது. எதிரெதிரானவை சந்தித்தால் இரண்டும் போகும். ஒன்று மட்டும் தனியாக ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தால் அது தங்கும்.

ஒரு வகை மட்டும் எப்படித் தனியாகப் போய்ச் சேரும்? அதற்குக் கரும்புள்ளிகளைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு நல்ல இடம் கொடைக்கானல். 1899இல் அங்கே அமைந்த சூரிய ஆய்வகம் 1904 தொடங்கி நூறாண்டுக்கு மேல் நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. ஜான் எவர்ஷெட் 1909இல் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டதும் அங்கேதான், இன்றும் அதற்கு அவர் பெயர். அப்படிப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கரும்புள்ளிகள் பெரும்பாலும் சோடியாக வருவது தெரியும். ஒன்று முன்னால் போகும், மற்றது பின்தொடரும். முன்னது காந்தத்தின் வடமுனை என்றால் பின்னது தென்முனை. நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சோடிகளில் இது தலைகீழ். இன்னொன்றும் உண்டு. சோடி நேர்க்கோடாக நிற்பதில்லை, லேசாகச் சாய்ந்து நிற்கும். முன்னது நடுக்கோட்டுக்குச் சற்று அருகில், பின்னது துருவத்துக்குச் சற்று அருகில்.

அந்தச் சாய்வைத் தருவது சூரியனின் சுழற்சி. சுழலும் உருண்டையில் எது மேலேறினாலும் கொஞ்சம் திருகிக்கொள்ளும். புயல் சுழல்வதும் இதே திருகலால்தான். நடுக்கோட்டில் இது பூச்சியம், விலக விலகக் கூடும். கெடாவில் வெள்ளம் பார்த்திருக்கிறோம், காற்றில் கூரை பறந்தும் பார்த்திருக்கிறோம், ஆனால் சுழற்றி அடிக்கும் பெரும்புயல் நமக்குப் பழக்கமில்லை. நாம் பூமியின் நடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கம். 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியபோது உலகமே வியந்ததும் அதனால்தான். கரும்புள்ளிகளுக்கும் இதே விதி. நடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சாய்வு குறையும்.

இனிக் கொந்தளிப்பு தன் வேலையைத் தொடங்குகிறது. புள்ளிகள் சில நாளிலோ வாரத்திலோ சிதைந்து, அவற்றின் காந்தம் நாலா பக்கமும் சிதறுகிறது. முன்புள்ளியின் காந்தம் நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் அதில் ஒரு பங்கு எல்லை தாண்டி மறுபக்கம் போகிறது. அங்கே முன்புள்ளி நேர் எதிர் வகை. இரண்டும் சந்தித்துக் கழிந்துபோகின்றன. பின்புள்ளியின் காந்தத்தில் அதனால் கொஞ்சம் மிஞ்சுகிறது. சூரியனின் மேற்பரப்பில் நடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கி மெல்ல ஓர் ஓட்டம் உண்டு, நொடிக்குப் பத்து, இருபது மீட்டர் வேகத்தில். அந்த மிச்சத்தை அது துருவத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பழைய காந்தம் எதிர் வகை. முதலில் வந்தது அதைக் கழிக்கிறது, பிறகு வந்தது தன் வகையை நிலைநாட்டுகிறது. சூரியனின் வடதுருவம் தென்துருவமாகிறது. அந்தப் புதிய இழையைச் சுழற்சி மறுபடி பிடித்து இழுக்க, அடுத்த கரும்புள்ளிகள் பிறக்கின்றன. ஹோரஸ் பாப்காக் 1961இலும் ராபர்ட் லெய்ட்டன் அதை அடுத்தும் தீட்டிக் கொடுத்த சித்திரம் இது.

கொந்தளிப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடிப் புள்ளிகள் பிரியாமல் கைகோத்தபடி துருவத்துக்குப் போகும். கூட்டினால் பூச்சியம். பழைய காந்தம் அசையாமல் அங்கேயே கிடக்கும். இந்தச் சித்திரத்தில் சூரியனின் துருவத்தைப் புதுப்பிப்பது, நாம் அழிவு என்று நினைத்த அந்தக் கலக்கலே. மாமா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் இவ்வளவுதான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கரண்டியை எடுத்து ஒரே ஒரு சுற்று சுற்றி, எழும்பிய வெள்ளை நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒழுங்காக, வட்டமாக மட்டும் சுற்றினால் போதாதா என்று கேட்கத் தோன்றலாம். போதாது. முழுக்கச் சீரான, எந்தப் பக்கமும் சாயாத ஒரு காந்தத்தை எந்த ஓட்டத்தாலும் நிரந்தரமாகக் காப்பாற்ற முடியாது என்று 1930களில் தாமஸ் கௌலிங் என்ற ஆங்கிலேயர் நிரூபித்தார். அந்தத் தேற்றத்தை இன்னும் இறுக்கிக் கட்டியவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், ஜார்ஜ் பேக்கஸுடன் சேர்ந்து 1956இல் இதைப் பற்றி எழுதினார். அதற்கு முந்திய ஆண்டு யூஜீன் பார்க்கர் வழியைக் காட்டியிருந்தார். கொதித்து ஏறும் ஒவ்வொரு குமிழையும் சுழற்சி திருகுகிறது. நடுக்கோட்டுக்கு ஒரு பக்கத்தில் அந்தக் குளறுபடியான திருகல்கள் எல்லாம் ஒரே கைப்பக்கமாக இருப்பதால் கூட்டுப்பலன் மிஞ்சுகிறது. சாய்ந்த சோடிகளும் அந்தத் திருகலின் ஒரு முகம்தான்.

இப்போது நான் சொல்லி வைத்த சண்டைக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது.

மேற்பரப்பில் பரவல் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லலாம். ஆழத்தில் எவ்வளவு என்பதை நேரில் பார்க்க வழியில்லை, மதிப்பிடத்தான் வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அர்ணப் ராய் சௌத்ரி பல ஆண்டுகளாகச் சூரிய டைனமோவை ஆராய்ந்துவந்தார். அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர் மௌசுமி திக்பதி. மான்ஃப்ரட் ஷூஸ்லரும் இவர்கள் இருவரும் 1995இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. பிறகு திக்பதி அமெரிக்காவுக்குப் போனார். கரும்புள்ளிகள் கூடிக் குறையும் அந்த 11 ஆண்டுச் சுற்று ஒவ்வொன்றையும் சுழற்சி என்று எண்ணிட்டு அழைப்பார்கள். 2006இல் அவரும் அவர் குழுவும், வரப்போகும் 24ஆம் சுழற்சி முந்தியதைவிட 30 முதல் 50 விழுக்காடு வலுவாக இருக்கும் என்று கணித்தார்கள். 2007இல் சௌத்ரி, பியாலி சட்டர்ஜி, சீனாவின் ஜியே ஜியாங் மூவரும் 35 விழுக்காடு பலவீனமாக இருக்கும் என்றார்கள். குருவும் மாணவியும் நேரெதிர்ப் பக்கம்.

இரண்டு மாதிரிகளும் உறவுக்காரர்கள்தான். பெரிய வித்தியாசம், உள்ளே பரவல் எவ்வளவு என்று எடுத்துக்கொண்டதில். அமெரிக்கக் குழுவின் எண், பெங்களூரு எண்ணைவிட ஏறக்குறைய 50 மடங்கு குறைவு.

அந்த ஓர் எண் ஏன் விடையைப் புரட்டிப்போட வேண்டும்? பரவல் குறைவென்றால், மேற்பரப்பில் பிறந்த காந்தம் தானாக அடிக்கு இறங்காது. துருவம் வரை ஓட்டத்தோடு போய், அங்கே முங்கி, ஆழத்தின் வழியாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு இருபது ஆண்டு வரை ஆகும். அதனால் இரண்டு மூன்று சுழற்சிகளின் பழைய காந்தம் அடியில் அடுக்கடுக்காகக் கிடக்கும். சூரியனுக்கு நீண்ட ஞாபகம். பரவல் அதிகமென்றால், காந்தம் சில ஆண்டுகளில் நேராக அடிக்கு ஊறிவிடும், பழையது கரைந்துவிடும். சூரியனுக்குப் போன சுழற்சி மட்டும்தான் ஞாபகம். அப்படியானால் அடுத்தது எப்படி இருக்கும் என்று சொல்ல, புள்ளிகள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் துருவத்தில் எவ்வளவு காந்தம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் போதும். 24ஆம் சுழற்சிக்கு முன் அப்படி அளந்தபோது துருவக் காந்தம் முந்திய சுழற்சிகளின் அளவில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. மாதிரியே இல்லாமல் அந்த அளவை மட்டும் வைத்து, லெய்ஃப் ஸ்வால்கார்டும் அவர் கூட்டாளிகளும் 2005லேயே சிறிய சுழற்சி வரும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அளவு ஏன் பலிக்க வேண்டும் என்பதற்கான காரணம் பெங்களூரு கணக்கில் இருந்தது.

24ஆம் சுழற்சி 2014 ஏப்ரலில் உச்சத்தைத் தொட்டது. சமன்செய்த கரும்புள்ளி எண் 116. முந்தியதின் உச்சம் 180. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 35 விழுக்காடு குறைவு.

தோற்ற கணிப்பை நான் குறைவாக மதிக்கவில்லை. இவ்வளவு துணிவாக எண்ணைச் சொல்லி முன்னால் வைத்ததால்தான், யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஆழத்தில் கரண்டி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சூரியனையே கேட்க முடிந்தது. ஆழத்துப் பரவல் பெரியது என்ற பக்கம் தராசு சாய்ந்தது அதற்குப் பிறகு. துல்லியமான எண் இன்னும் கையில் இல்லை. கொந்தளிப்பின் தற்செயலும் குறுக்கே நிற்கிறது. ஒரு பெரிய சோடி தவறான பக்கம் சாய்ந்து பிறந்தாலே துருவத்துக் கணக்கு மாறிவிடும்.

மற்ற நட்சத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக. மவுண்ட் வில்சன் மலையில் ஓலின் வில்சன் 1960களில் தொடங்கிய அளவீடுகளால், சூரியனைப் போன்ற பலவற்றிலும் இதே போன்ற ஏற்ற இறக்கம் இருப்பது தெரிந்தது. பொதுவாக, வேகமாகச் சுழலும் இளம் நட்சத்திரங்களுக்குக் காந்தம் வலு. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காந்தத்தின் தடயங்கள் கூடுவதில்லை. ஏன் என்று இன்றும் ஆராய்கிறார்கள். வேகச் சுழற்சியும் வலுத்த காந்தமும் சேர்ந்து கொந்தளிப்பையே அடக்கிவிடும், கரண்டியின் கையைப் பிடித்துக்கொள்ளும் என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

நம் சூரியனுக்குத் திரும்புவோம். இப்போதைய 25ஆம் சுழற்சியின் உச்சம் 2024 அக்டோபரில் வந்தது, சமன்செய்த எண் 160 சொச்சம். அந்த ஆண்டு மே மாதத்துச் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில்கூட இரவு வானம் சிவந்தது. 2025 மார்ச்சில் ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் விண்கலம் நடுக்கோட்டுக்கு 17 டிகிரி கீழே இறங்கி, சூரியனின் தென்துருவத்தை அதுவரை யாரும் பார்க்காத கோணத்தில் படம் எடுத்தது. காந்த வரைபடத்தில் துருவம் ஒரே நிறமாக இல்லை. வடமுனைத் திட்டுகளும் தென்முனைத் திட்டுகளும் அங்கே கலந்து கிடந்தன, கரண்டி பாதியில் நின்ற குவளை போல. பழையதும் புதியதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஐந்தாறு ஆண்டில் ஒரு வகை மட்டும் அங்கே மெல்லச் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்று அளந்த பிறகுதான் 26ஆம் சுழற்சியைப் பற்றி யாராலும் உறுதியாகப் பேச முடியும்.

அந்தப் படத்தை மாமாவுக்குக் கைப்பேசியில் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, நீலத்தையும் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தவர், "இன்னும் கலங்கலையே, தம்பி" என்றார்.